லைல் டாக்டர்தான் என்று நான் எழுதிக்கொடுத்த கதை

நார்டால், அயோவா
மார்ச் 9, சனிக்கிழமை காலை

பாசத்துக்குரிய இங்க்ரிட் அக்காவுக்கு,

தம்பி கர்ட்டிஸ் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மினியாபொலிஸில் இன்னும் பனி உருகியிருக்காது. வாசற்படியில் உப்புத் தூவ மறக்க வேண்டாம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அப்பாவின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஆறு சென்டிமீட்டருக்கு உப்பிக்கொண்டிருப்பதால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட முதல்வராக இருந்தவளிடம் எவனும் ஃபோனில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாது. மூன்றாவது வாக்கியத்தில் "சரி, லைல் என்ன சொல்றான்?" என்று கேட்பாய். நம் தம்பி லைல் என்ன சொல்கிறான் என்பது இந்தக் கடிதத்தில் தேவைக்கு மேலேயே வருகிறது. இன்று பகல் பன்னிரண்டுக்குள் விரைவு அஞ்சலில் போட்டால் நாளைக் காலை உன் கையில் இருக்கும். கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சர்ச் முடிந்து அப்பா காப்பிக்கு உட்காருவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, அவருடைய மருத்துவப் பொறுப்புத் தாளில் லைலின் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போடச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை டெஸ் மாய்னில் அவருக்கு அறுவைச் சிகிச்சை. அவர் மயக்கத்தில் கிடக்கும்போது சர்ஜன் வெளியே வந்து இப்படிச் செய்யட்டுமா, அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டால், அப்பாவின் இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். முப்பது வருஷமாக மருத்துவம் பார்க்கிற மூத்த மகனை விட்டுவிட்டு, முதுகில் சொடக்கு எடுக்கிற இளைய மகனைத்தான் புதன்கிழமை போட்டார். உன்னைப் போடலாம் என்றால், "என்னை இதுல இழுக்காதீங்க" என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டாய். அதனால் இந்தக் குடும்பத்தில் நடுநிலையான ஒரே ஆள் நீதான்.

குடும்பத்தில் எல்லோருக்கும் மறந்துபோன சில விஷயங்களை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். நான் நாலு வருஷம் கல்லூரி, நாலு வருஷம் அயோவா சிட்டியில் மருத்துவப் படிப்பு, அதன்பின் மூன்று வருஷம் பயிற்சி மருத்துவன். அந்த மூன்று வருஷத்தில் நான் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். லைல் மூன்று வருஷம் கல்லூரி, பிறகு டேவன்போர்ட்டில் மேட்டின்மேல் இருக்கிற, கையாலேயே முதுகெலும்பை நேராக்கக் கற்றுத்தருகிற கைரோபிராக்டர் கல்லூரியில் மூன்றேகால் வருஷம், அதோடு சரி. பயிற்சி மருத்துவனாக இருப்பது அங்கே கட்டாயமே இல்லை. திங்கட்கிழமை பட்டம், அடுத்த திங்கட்கிழமை வாசலில் பெயர்ப்பலகை. அந்தப் பட்டத்துக்கும் டாக்டர் என்றுதான் பெயர், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, நான் மறுக்கவில்லை. கூடவே கைரோபிராக்டர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன். அவன் மருந்து எழுத முடியாது, கத்தி எடுக்க முடியாது. நான் எழுதும் சீட்டைக் கொண்டுபோனால் மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கும். அவன் எழுதும் சீட்டைக் கொண்டுபோனால் வீட்டு ஃப்ரீசரில் இருந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் ஒத்தடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் அவன்தான் "டாக்". அவன் டிரக்கின் நம்பர் பலகையிலும் அதுவேதான். நான் "கர்ட்டு". அம்மா இருந்த வரைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் எங்களை எப்படி அறிமுகம் செய்வாள் என்று நினைவிருக்கிறதா? "இவன் டாக்டர் லைல். இவன் கர்ட்டிஸ், இவனும் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறான்." நான் அங்கே தரை துடைக்கிறேன் என்று அந்தப் புதுப் பாதிரியார் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தார்.

என் பட்டமளிப்பு மே மாதக் கடைசியில், முதல் புல் அறுப்புச் சமயத்தில் வந்தது. "புல்லு உனக்காகக் காத்திருக்காது, கர்ட்டு" என்று அப்பா வரவில்லை. லைலுடைய பட்டமளிப்பு பிப்ரவரியில், வயல் முழுவதும் பனி மூடிக் கிடந்தபோது. புது சூட் தைத்துப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார். அப்பாவை அதற்காக நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பிப்ரவரியில் படித்து முடித்ததற்காக லைலை இன்னும் மன்னிக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பரில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "இடுப்புக்கு மேல ஒரு வலிடா, ஒரு வாரமா விடமாட்டேங்குது" என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். காய்ச்சல் இல்லை, கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது. "எண்பத்திநாலு வயசுல கன்னுக்குட்டியத் தூக்கினா முதுகு வலிக்காம என்ன செய்யும்? டைலெனால் மாத்திர போட்டுட்டு ஓய்வா இருங்க" என்றேன். பத்தில் ஒன்பது பேருக்கு அது சரியான பதில். அப்பா இரண்டு நாள் டைலெனால் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் லைலிடம் போனார். லைல் அவரைப் பக்கவாட்டில் நிறுத்தி எக்ஸ்-ரே எடுத்திருக்கிறான். முதுகெலும்புக்கு முன்னால் முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளை வளைவு ஒன்று தெரிந்திருக்கிறது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். உடனே கையை எடுத்துவிட்டான். முதுகைத் தொடவே இல்லை. காத்திருந்த ஆறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டி, அப்பாவைத் தன் டிரக்கிலேயே ஏற்றி, குலுங்கக் கூடாது என்று நாற்பது மைல் வேகத்தில் என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வரும் வழியில் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அப்பாவோட பெரிய குழாய் வீங்கிருக்குன்னு நினைக்கிறேன். படம் அனுப்பிருக்கேன். நான் தப்பாப் பாத்தேனான்னு நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் தப்பாகப் பார்க்கவில்லை. சோதனைகள் எல்லாம் முடிந்து டெஸ் மாய்னில் தேதி கிடைக்க மார்ச் ஆகிவிட்டது.

இதில் எனக்கு என்ன குறை என்று கேட்பாய். அவன் கண்டுபிடித்தது அல்ல. கண்டுபிடித்த பிறகு அவன் ஊரில் ஒரு ஆளிடம்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவில்லை. பீற்றியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். முடிவெட்டும் கடை, சர்ச், விதைக் கிடங்கு, ஒன்று பாக்கியில்லை. விதைக் கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கிற மேலாளர் ஜனவரியில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "டாக்டர் டோலஃப்சன்! அப்பா உயிரையே காப்பாத்திட்டீங்களாமே" என்றான். எனக்கு விஷயம் உறைப்பதற்கு முன்னால் என் வாய், "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று சொல்லிவிட்டது. அவன் அப்படியே சோள விதை மூட்டைகளுக்கு நடுவில் திரும்பி நின்று, "ரெண்டு நாளா இங்க ஒரு பிடிப்பு, ஒரு கை பாத்துடுங்களேன்" என்று முதுகைக் காட்டினான். "நான் கைரோபிராக்டர் இல்லீங்க, நிஜ டாக்டர்" என்றேன். "பரவால்லீங்க, தெரிஞ்ச வரைக்கும் பண்ணுங்க" என்றான்.

சரி, தாள் விஷயத்துக்கு வருகிறேன். தவக்காலப் புதன்கிழமைகளில் நம் சர்ச்சின் நிலவறையில் சூப்புச் சாப்பாடு நடக்கிறது உனக்குத் தெரியும். வக்கீல் வெர்லின் ஹௌக் ஒவ்வொரு வருஷமும் கடைசி மேஜையில் படிவங்களோடு உட்கார்ந்து, வயதானவர்களுக்கு இலவசமாக இந்த மாதிரித் தாள்களில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். ஆள்கள் ஒரு கையில் சூப்புக் கிண்ணமும் மறு கையில் பேனாவுமாக வரிசையில் நிற்பார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "புதன்கிழம வந்துடு, தாள்ல ஒரு கையெழுத்து இருக்கு" என்றார். நான் டை கட்டிக்கொண்டு போனேன். பட்டாணி சூப்பு குடிக்கிற நாற்பது பேருக்கு நடுவில் டை கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். அப்பா பேனாவை எடுத்தார், தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று கீழே வைத்தார். பின்னால் நின்ற லைல் ஐந்து நிமிஷம் தோளைப் பிடித்துவிட்டான். "ஆ... அங்கதான் டாக்கு, அங்கதான்" என்று அப்பா சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. தோள் விட்டதும் பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில், எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் தெளிவாகத் தெரிகிற மாதிரி, லைல் என்று எழுதினார்.

"அப்பா, நான் இங்கதான் நிக்கறேன்" என்றேன்.

"தெரியுதே. டையெல்லாம் கட்டிருக்கே."

"நான் முப்பது வருஷமா டாக்டர்."

"யாருடா இல்லேன்னா? சூப்பு ஆறுது, குடி."

"அப்ப ஏன் அவன் பேரு?"

அப்பா ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ சரியாத்தான் முடிவெடுப்பே, கர்ட்டு. அதான் யோசனையா இருக்கு."

இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். உனக்குப் புரிந்தால் எழுது.

மறுநாள் காலை அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றை வாங்கி வைத்துப் படித்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி: கையெழுத்துப் போடுகிற தேதியில் அவருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறவரை இந்தப் பொறுப்புக்குப் போடக் கூடாது. மகனாக இருந்தாலும் கூடாது. எனக்குத் தெரிந்து நம் ஊரில் அந்தப் பின்பக்கத்தைப் படித்த முதல் ஆள் நான்தான். கோட்டை மாட்டிக்கொண்டு நேராக வெர்லினின் அலுவலகத்துக்குப் போனேன்.

"வெர்லின், அந்தத் தாள் செல்லாது. லைல் அன்னிக்கு அப்பாவுக்கு வைத்தியம் பாத்தான். நாப்பது பேர் சாட்சி."

வெர்லின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வைத்தியமா? யாரு, லைலா?"

"ஆமா."

"ஏம்ப்பா, பதினெட்டு வருஷமா ரோட்டரிச் சாப்பாட்டுல என் பக்கத்துல உக்காந்து, அவன் டாக்டரே இல்ல, அவன் பண்றது வைத்தியமே இல்லன்னு சொன்னது நீதானே? எனக்கு உருளைக்கிழங்கே இறங்காது."

"அது வேற விஷயம்."

"எனக்கு ஒரே விஷயமாத்தான் தெரியுது. பரவால்ல. ஆனா வாய்ல சொன்னாப் போதாது. லைல் முறையாப் படிச்சுப் பட்டம் வாங்குனவன், அவன் செய்யறது வைத்தியந்தான்னு எழுத்துல கொடு. உன் பேரு, உன் பட்டம், எல்லாம் போட்டு."

எழுதினேன், அக்கா. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல என்று உனக்குத் தெரியும். தேடிப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். நாலாயிரத்து இருநூறு மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பும் பயிற்சியும். நாலு பகுதியாக நாடு தழுவிய தேர்வு. மாநிலத்தின் உரிமம், அதைப் புதுப்பிக்கத் தொடர்ந்து படிப்பு. உடலை அறுத்துப் படிப்பதில் அவர்களுக்கு இருக்கும் மணிக்கணக்கு எங்களுடையதைவிடக் குறைவில்லை என்று எழுத வேண்டி வந்தபோது பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்புறம் அதையும் எழுதினேன். நோயை இனம் காணும் திறமைக்கு ஒரு உதாரணம் இருந்தால் நல்லது என்றார் வெர்லின். கையிலிருந்த ஒரே உதாரணம் அப்பாவின் எக்ஸ்-ரே. "மூத்த மருத்துவர் ஒருவர் ஃபோன்மூலம் சாதாரணத் தசைவலி என்று கருதியதை" என்று ஆரம்பித்து அதையும் எழுதி, கீழே என் பெயரையும் எம்.டி. பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். கைரோபிராக்டர்களைப் பற்றி இவ்வளவு நல்ல சான்றிதழை அவர்கள் சங்கமே எழுதியிருக்காது.

வெர்லின் லைலை வரச்சொன்னார். அவன் நோயாளி பார்க்கிற வெள்ளை மேலங்கியோடு வந்தான். நின்றபடியே படித்தான், திரும்ப முதல் பக்கத்துக்குப் போய் இன்னொரு தடவை படித்தான்.

"அண்ணே, இது ஒரு காப்பி கிடைக்குமா? சட்டம் போட்டு கிளினிக்ல மாட்டிக்கறேன்."

"அது மாட்டறதுக்கு இல்லப்பா, உன்னைத் தூக்கறதுக்கு" என்று வெர்லின் அந்த விதியைக் காட்டினார்.

லைல் அதையும் படித்தான். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "நான் எங்கே வைத்தியம் பாத்தேன்? தோளப் புடிச்சு விட்டேன். பெத்த அப்பனுக்குத் தோளு புடிச்சுவிட்டா டாக்டராயிடுவானா? அப்படிப் பாத்தா எங்க வீட்டு நாயும் டாக்டர்தான், டெய்லி அவரு கால்ல படுத்து ஒத்தடம் குடுக்குது."

"நீ டாக்டர்தான்" என்றேன்.

"நான் இல்லண்ணே."

"நீதான்டா!"

"நான் சொடக்கு எடுக்கறவன். நீயே எத்தனை தடவ சொல்லிருக்கே."

"நாலாயிரத்து இருநூறு மணி நேரம் படிச்சிருக்கேடா! நாலு பரீட்சை எழுதிருக்கே! உன்னை எவன்டா டாக்டர் இல்லேன்னான்?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளி அறையில் நிலப்பத்திரத்துக்காகக் காத்திருந்த திருமதி ஓமுண்ட்சன் அதைக் கேட்டுவிட்டு, பத்திரத்தை மறந்து கிளம்பிப் போய்விட்டாள். நான் பெட்ரோல் போட நிறுத்தியபோது அங்கே இருந்தவன், "கடைசியில ஒத்துக்கிட்டீங்களாமே சார், நல்ல காரியம்" என்றான். வெர்லினின் அலுவலகத்திலிருந்து பெட்ரோல் நிலையம் முக்கால் மைல்கூட இல்லை.

ஆனால் அந்த அறையில் இன்னொன்றும் நடந்தது. லைல் வைத்தியம் பார்த்தவன்தான் என்று முடிவு செய்து தாளைக் கிழிக்கப் போன வெர்லின், என்னைப் பார்த்து, "உங்கப்பாவோட ரத்தக்கொதிப்பு மாத்திரை யாரு எழுதறது?" என்றார். நான்தான் என்றேன். கடைசியாக எப்போது என்றார். மருந்துக்கடைக்கு நான் ஃபோன் செய்தது அதே புதன்கிழமை மத்தியானம். அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிற குப்பியில் என் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கிறது. "அப்ப நீயும் அன்னிக்கு வைத்தியம் பாத்தவன்தான். ரெண்டு பேருமே ஆகாது. ஊர்ல ஒரே வீட்ல ரெண்டு டாக்டர் இருந்தா இதான் கஷ்டம்" என்றார் வெர்லின், அந்த "ரெண்டு" என்பதை அழுத்தி.

அப்பாவுக்குச் செய்தி போனது. அவர் கோபப்படவில்லை. மாலையில் எங்கள் இருவரையும் மாட்டுக் கொட்டிலுக்குக் கூப்பிட்டு, தீர்ப்புச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காப்பிக்கு அப்புறம் புதுசாப் போடறேன். அது வரைக்கும் நீ மாத்திர எழுதாத. நீ தோளத் தொடாத. வந்தா மனுஷங்க மாதிரி உக்காந்து பேசிட்டுப் போங்க." யார் பெயரைப் போடப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே அக்கா, நாளைக் காலை உன் ஃபோன் ஒன்றுதான் பாக்கி. லைலைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் சொல்ல வரவில்லை. அவனுக்கு நல்ல கை, நல்ல மனசு. ஆனால் அவன் பேக்கரியில் ஒரு பழப் 'பை' பலகாரம் வாங்க, ஆப்பிளா செர்ரியா என்று இருபது நிமிஷம் நிற்பவன். ஆபரேஷன் அறை வாசலில் இருபது நிமிஷம் கிடையாது. ரத்த அழுத்தம் என்ன, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, திறந்தால் என்ன ஆகும், திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவர் உயிரோடு எழுந்து வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நீ சொன்னால் அப்பா கேட்பார். நீ சொல்லி அவர் கேட்காமல் போனதே இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவளுடைய நாய்க்குட்டி நன்றாக வளர வாழ்த்துகள். சின்னவனுக்கு முத்தங்கள், ஐஸ் ஹாக்கியில் பல் உடையாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன். கடவுள் உங்கள் வீட்டையும் அதன் கூரையையும் இந்தப் பனிக்காலத்தின் மீதி நாள்களில் காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
கர்ட்டிஸ் டோலஃப்சன், எம்.டி.

பி.கு. மார்ச் 14, வியாழக்கிழமை, டெஸ் மாய்ன். இந்தக் கடிதம் இன்னும் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நம் தபால் நிலையம் பன்னிரண்டுக்கு மூடுவதில்லை, பதினொன்றுக்கே மூடிவிடுகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்யவில்லை, அப்பா இரண்டாவது தடவையும் லைலின் பெயரையே எழுதினார், நான் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து காப்பி குடித்தேன். ஆபரேஷன் முடிந்தது, அப்பா பிழைத்தார் என்று லைல் அன்றே உனக்குச் சொல்லிவிட்டான். ஆனால் நடுவில் நடந்ததை அவன் சொல்லியிருக்க மாட்டான். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு சர்ஜன் வெளியே வந்து, "டாக்டர் டோலஃப்சன் யாரு?" என்றார். லைல் என்னைக் காட்டி, "டாக்டர் அவருதான்" என்றான். நான் லைலைக் காட்டி, "தாள்ல பேரு இவனோடது" என்றேன். தொடை வழியாக உள்ளே விட்ட குழாய் சரியாகப் பொருந்தவில்லை, ரத்தம் கசிகிறது. வயிற்றைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், அதில் அவருடைய சிறுநீரகம் போய்விடலாம். அல்லது இப்படியே மூடிவிட்டு, உள்ள நாள் வரை இருக்கட்டும் என்று விடலாம், என்ன சொல்கிறீர்கள் என்றார். லைல் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீ சொல்லு." திறக்கலாம் என்றேன், காரணங்களைச் சொன்னேன், முழுசாகக் கேட்டான். "கிட்னி போயிட்டா?" "வாரம் மூணு நாள் டயாலிசிஸ்." "அப்பா அதுல உக்கார மாட்டாரு. ஒரு மாசம் பாத்துட்டு அவரு போதும்னு சொன்னா நிறுத்தலாமா?" நான் முப்பது வருஷத்தில் எத்தனையோ குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன். என் சொந்த அப்பா விஷயத்தில் அந்தக் கேள்வி என் தலையில் வரவே இல்லை. "நிறுத்தலாம்" என்றேன். "அப்ப தெறங்க, சார்" என்று சர்ஜனிடம் சொன்னான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்தச் சூப்பு மேஜைப் பேச்சு புரிந்தது: அவன் பெயர் இருந்தால் அவன் என்னைக் கேட்பான், என் பெயர் இருந்திருந்தால் நான் அவனைக் கேட்டிருக்க மாட்டேன். ஆகையால் மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். சிறுநீரகம் இதுவரை வேலை செய்கிறது. நேற்று மத்தியானம் அப்பா கண் விழித்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "மல்லாந்தே கிடந்து முதுகு வலிக்குது, டாக்கக் கூப்பிடு" என்றார். லைல் காப்பி வாங்கப் போயிருந்தான். நான் தலையணையை எடுத்து அவர் இடுப்புக்குக் கீழே வைத்தேன். அது சரியில்லை என்றார். கொஞ்சம் மேலே தள்ளி வைத்தேன். அதுவும் சரியில்லை என்றார், ஆனால் என் கையை எடுக்க விடவில்லை.